வைக்கோல் பசு

கையை மூடு, மூடியே வை, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வண்டி இன்னும் காங்கேயத்து எல்லையைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் மூக்கை நீட்டிவிட்டது. ஈர மூக்கு. முதலில் முழங்கையை முகர்ந்தது, பிறகு மணிக்கட்டு, இப்போது மூடிய கையின் ஒவ்வொரு கணுவாக முட்டி முட்டித் தேடுகிறது, உள்ளேதான் இருக்கிறது என்று தெரியும் அதற்கு, நடுவிரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கிக் கிடக்கின்றன என்று அதற்கு நன்றாகத் தெரியும். இல்லடா, இன்னைக்கு இல்ல. நாச்சிமுத்துவின் குட்டியானை வண்டியில், பின்தட்டில், வைக்கோல் மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன், செவலைக் கன்று எனக்கு மேலே கால்களை அகட்டி நின்று ஆடுகிறது. காலையில் பால் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று, கன்றை விடப் போகிற தோட்டத்து ஹெப்சிபா அம்மா சொல்லிவிட்டது. பசியோடு வரட்டும், பசிதான் வாளியைக் காட்டிக் கொடுக்கும் என்றது. நேற்று போனில் அந்தம்மா பேசியது வரி மாறாமல் காதில் ஓடுகிறது, நான் ராத்திரி வேலை பார்க்கிற பால் குளிரூட்டும் நிலையத்தின் கம்ப்ரஸர் சத்தம் மாதிரி, நிறுத்தினாலும் நிற்காத சத்தம். அண்ணாச்சி, எடம் இல்லன்னு சொல்லல. ஆனா இங்க நானும் கூட ஒரு ஆளும்தான், மத்ததெல்லாம் நாலு காலும் ரெண்டு றெக்கையும். வாளியில வெச்சா அதுவா குடிக்கணும். விரலு வெச்சாத்தான் குடிக்கும்னா அத்தன விரலுக்கு நான் எங்க போவேன்? போன மழைக்கு இப்படித்தான் ஒண்ணு வந்துச்சு. வளத்த ஆளத் தேடித் தேடி, வாளியில வாயே வைக்காமப் போயிட்டு. இன்னொண்ணு அப்படிப் போறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. குடிச்சா விட்டுட்டுப் போங்க. குடிக்கலன்னா கோவிச்சுக்காம கூட்டிட்டுப் போயிருங்க. சரிங்கம்மா என்றேன். கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று அந்தம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுச் சொந்தக்காரி பாவாத்தாக்கா காலையில் கன்றை ஏற்றும்போதே தண்ணீர் தெளித்து வாசலைக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். திரும்பி வந்தால் இரண்டு பேரும் வெளியேதான். அப்புறம் இருப்பது அந்த வேன், சந்தைக்கு முந்தின நாள் ஊர் ஊராக வந்து, வேண்டாத காளைக் கன்றுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு மலையாளத்துப் பக்கம் போகும் வேன். தார்ப்பாய் போட்டிருக்கும். தார்ப்பாய்க்கு அடியில் சத்தமே கேட்காது, அதுதான் பயம், அத்தனை உயிர் உள்ளே இருந்தும் சத்தம் கேட்காது. கையை மூடு.

கிட்டுசாமி கெட்டவன் இல்லை. யாருமே கெட்டவன் இல்லை, அதுதான் இதில் பிடிபடாத இடம். நிலையத்துக்கு ராத்திரிப் பாலை ஊற்ற வந்தவன், கேனோடு கேனாக இந்தக் கன்றையும் இறக்கி வேப்பமரத்தில் கட்டினான். என்னப்பா இது என்றேன். சென்னியப்பண்ணா, நீங்கதான் ஒண்டிக்கட்ட, வெச்சுக்கங்க என்றான். பொட்டக் கன்னா இருந்தா நாங் குடுப்பனா? காளையாப் போச்சு. இது குடிக்கற பால ஊத்துனா நாலு காசு வரும். உழவுக்குப் பூட்டலாமுன்னா திமில் இல்ல, நுகம் எங்க போயி உக்காரும் சொல்லுங்க. சும்மா தடவிப் பாருங்க, முதுகு பலகையாட்டம் கெடக்குது. தடவிப் பார்த்தேன். பலகைதான். காங்கேயம் மாட்டுக்குப் பேர்போன சீமையில், திமில் இல்லாமல் பிறந்துவிட்டது, அது செய்த தப்பு அவ்வளவே. பசு சினையானால்தான் பால், சினையானால் ஒன்று பெட்டை, ஒன்று காளை, இத்தனை வருடம் ராத்திரி ராத்திரியாக என் கையைத் தாண்டி ஆறாக ஓடிய பால், ஒவ்வொரு கேனுக்கும் பின்னால் இப்படி ஒன்று பிறந்து எங்கேயோ போயிருக்கிறது என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை? கேனைத் திறப்பேன், முகர்வேன், கொழுப்பு பார்ப்பேன், தொட்டிக்கு விடுவேன், சோடா போட்ட வெந்நீரில் கழுவுவேன். விரல் நுனியெல்லாம் சோடா தின்று வெடித்துக் கிடக்கும், வெடிப்புக்குள் பால் ஏறி எப்போதும் ஒரு புளிப்பு வாசம். ருக்குமணி கல்யாணமான புதிதில் சொல்வாள், உங்ககிட்ட எப்பவும் பால் பொங்கி வழிஞ்ச அடுப்பு வாசம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள் அப்போது. அந்த வாசத்துக்குத்தான் கன்று விரலைக் கவ்வியது. வாளியில் பாலை வைத்து, அதற்குள் கையை முக்கி இரண்டு விரலை நீட்டினால், காம்பு என்று நினைத்துச் சப்பும், சப்புகிற சாக்கில் பால் உள்ளே போகும். ரேடியோவில் கால்நடை டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார், இரண்டு மூன்று நாளில் விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிவிட வேண்டும், கன்று தானாகக் குடிக்கப் பழகும் என்று. கேட்டேன். உருவவில்லை. இன்று வேண்டாம், நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்தச் சொரசொர நாக்கு விரலைச் சுற்றிக்கொண்டு மேலண்ணத்தோடு சேர்த்து அழுத்தும்போது, அந்தச் சூடு. மனுசத் தோல் என்மேல் பட்டு எத்தனையோ காலம். பஸ்ஸில் சில்லறை வாங்கும்போது கண்டக்டர் விரல் படும், அது கணக்கில் வருமா? முன்பெல்லாம் கன்று செத்துப்போனால் தோலை உரித்து உள்ளே வைக்கோலைத் திணித்து, குச்சியில் நிற்கவைத்துப் பசுவுக்கு முன்னால் வைப்பார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் விடும். சின்ன வயசில் பார்த்ததும் ஓடிப்போனேன், கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. இப்போது அதுவும் இல்லை, ஊசி போட்டால் பால் இறங்குகிறது, பசுவை ஏமாற்றக்கூட யாரும் மெனக்கெடுவதில்லை. வைக்கோல் கன்று பார்த்திருக்கிறேன். வைக்கோல் பசு நான்தான். சோடா தின்ற இரண்டு விரலை நீட்டிக்கொண்டு, பால் சுரக்காத பசு.

தாராபுரம் தாண்டி நாச்சிமுத்து வண்டியை டீக்கடையில் ஓரங்கட்டுகிறான். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, வெயில் கண்ணில் குத்துகிறது, ராத்திரி வேலைக்காரனுக்கு வெயில் என்பது தூங்குகிறவன் முகத்தில் போர்வையை உருவுகிற மாதிரி. நாச்சிமுத்து டீயைக் கொண்டுவந்து நீட்டுகிறான். இடது கையால் வாங்குகிறேன். ஏனுங்ணா, பொண்ணக் கட்டிக் குடுத்து வெச்சு அனுப்பறவனாட்டம் மூஞ்சிய வெச்சிருக்கீங்க, முன்னாடி வந்து உக்காருங்க, அதென்ன உழுந்தா போயிரும்? உழுந்துரும் என்கிறேன். கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார். ஜெர்சிங்களா, எந்தச் சந்தைக்குங்க? சந்தைக்கெல்லாம் இல்லீங், முதியோர் இல்லத்துக்கு என்கிறான் நாச்சிமுத்து. அட, இன்னும் பல்லே முழுசா மொளைக்கல, இதுக்கு எதுக்குங்க முதியோர் இல்லம்? அதேதானுங்க நானும் கேக்கறன், அங்க ஒரு நர்சம்மா, ரிட்டேர் ஆனவிங்க, மலையடிவாரத்துல தோட்டம் வாங்கி, முட்டை நின்ன கோழி, உழவு ஓட்டிக் கழிச்ச மாடு, கால் ஒடிஞ்ச குதிரை எல்லாத்துக்கும் சோறு போடறாங்களாமா. கடைக்காரர் யோசிக்கிறார். அப்படீன்னா எனக்கும் ஒரு எடம் சொல்லி வைங்க என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், சிரிக்கும்போது கை தளர்ந்துவிடுகிறது, உடனே மூக்கு வந்துவிட்டது, சட்டென்று மூடுகிறேன். கன்று என்னைப் பார்க்கிறது. கோபம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில், கோபம் இருந்தால் நன்றாக இருக்கும். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கிறேன். இவன் விரல் இருக்கிற இடத்தைக் காட்டி வளர்த்துவிட்டு இப்போது ஒளித்து வைக்கிறான், இவன் யார், என்ன ஆள், என்று யோசிக்குமா அது? யோசிக்காது. பசிக்கும், அவ்வளவுதான். யோசிப்பதெல்லாம் நான். ருக்குமணி சொன்ன மாதிரி, நீங்க யோசிச்சே மனுசன ஓட்டிருவீங்க. அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை. தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குத் திருப்பூர் போனாள், ஒரு வாரம் இருந்துட்டு வாரேன் என்றாள், பொங்கல் வந்தது, அங்கே பனியன் கம்பெனியில் பகல் வேலை கிடைத்தது. பகல்ல பொணம், ராத்திரி ஆளே இல்ல, இதுல நான் யாரோட குடும்பம் நடத்தறது? அதையும் சத்தம் போடாமல்தான் கேட்டாள். பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வண்டி ஓடுகிறது. தூக்கம் வருகிறது. இந்த நேரத்துக்கு நான் சன்னலில் கோணி கட்டி, கதவைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்துப் படுத்திருக்க வேண்டும். பகலில் சாத்திய கதவு. அதைப் பற்றி நினைக்காதே. தெருவில் எல்லோருக்கும் தெரியும், சென்னியப்பன் தூங்கறாப்ல, நைட்டு வேலை, தட்டாதீங்க. கேபிள் பையன், தண்ணி லாரிக்காரன், ஓட்டுக் கேட்க வருகிறவன், எல்லோரையும் பாவாத்தாக்காவே தடுத்துவிடுவாள், நல்ல மனசு அது. தட்டாதீங்க, தூங்கறாப்ல. ஒரு நாள் உள்ளே நெஞ்சு நின்றுபோனால்? தூங்கறாப்ல. மறுநாளும் தூங்கறாப்ல. நிலையத்தில் மேனேஜர் போன் போடுவார், எடுக்காவிட்டால் குடித்துவிட்டான் என்று நினைப்பார், குடிக்காதவன் என்று தெரிந்தும் அப்படித்தான் நினைப்பார், வேறு ஆளைப் போடுவார், பால் நிற்காது, பால் எதற்காகவும் நிற்காது. வாசம் வந்த பிறகுதான் கதவு. பால் பொங்கி வழிந்த அடுப்பு வாசம் இல்லை, வேறு வாசம். இந்த நினைப்பு வந்தால் எழுந்து கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு வந்து படுப்பேன், வெளிச்சம் கோடாக வந்து விழும், தூக்கம் போய்விடும், மறுபடி சாத்துவேன். கன்று வந்த பிறகுதான் இது நின்றது. கொல்லையில் கட்டியிருக்கும், பொழுது சாய்ந்ததும் ஒரு கத்து கத்தும், அடிவயிற்றிலிருந்து, ம்ம்மே என்று இழுத்து, கடைசியில் உடைந்து. பாவாத்தாக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, இந்தச் சனியனுக்கு அலாரமே தேவலாம் என்பாள். வாரன் இரு என்று நான் உள்ளிருந்தே குரல் கொடுப்பேன். குரல் கொடுக்காவிட்டால் விடாது. கத்திக்கொண்டே இருக்கும், தெருவே வந்து கதவை உடைக்கும்வரை கத்தும். நான் இருக்கிறேனா இல்லையா என்று தினமும் கேட்க ஒரு உயிர். அதைத்தான் இப்போது வண்டியில் ஏற்றி, தூக்கம் தூக்கமாக, வெயில், வைக்கோல் வாசம், காற்றாலையின் இறக்கை ஒவ்வொன்றாக இமைக்கு உள்ளே சுற்றி, ருக்குமணி கேனைக் கழுவுகிறாள், கேனுக்குள் யாரோ கத்துகிறார்கள், கையை விடு கையை விடு, சூடாக இருக்கிறது, நல்ல சூடு, நாக்கு.

நாக்கு. விழித்துப் பார்த்தால் விரல் இரண்டும் அதன் வாய்க்குள். எவ்வளவு நேரமாக? ஒட்டன்சத்திரம் போய்விட்டது, மலை தெரிகிறது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சப்புகிறது, வாயோரம் நுரை, வால் ஆடுகிறது, ஒரு சொட்டுப் பால் வரவில்லை, ஆனாலும் சப்புகிறது. உருவு. உருவுடா. கை கேட்கமாட்டேன் என்கிறது. உள்ளங்கையை ஒரு முட்டு முட்டுகிறது, மடியை முட்டிப் பால் இறக்குகிற முட்டு, தினமும் இதே இடத்தில் முட்டி முட்டி அங்கே ஒரு கன்றிப்போன தழும்பே உண்டு. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வந்தது என்று சொல்வது பொய், காலையிலிருந்தே வண்டியில் நான்காவது ஆளாக உட்கார்ந்திருந்தது, நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். இது அங்கே குடிக்காவிட்டால் என்னோடு திரும்பி வரும். வாளியைத் தொடாமல், இங்கேயும் அங்கேயும் பார்த்து, என்னைத் தேடி வந்துவிடும். வேறு வீடு பார்க்கலாம். ஊருக்கு வெளியே எங்கேயாவது. பகலில் அதற்குப் புல் வெட்டி, ராத்திரி வேலைக்குப் போய், எப்போது தூங்குவது, எத்தனை நாள் தாங்கும், மூன்றாம் மாதம் தார்ப்பாய். தெரியும். தெரிந்தும் உள்ளே எங்கேயோ ஒருவன் குடிக்காதே குடிக்காதே என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். என் குரல்தான் அது. பயமாக இருக்கிறது. போன மழைக்கு வந்து செத்த அந்தக் கன்றை வளர்த்தவனும் இப்படித்தான் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தானோ? வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. உருவிவிட்டேன். உருவும்போது ஒரு சின்னச் சத்தம், கார்க் கழன்ற மாதிரி. விரலைச் சட்டையில் துடைக்கவில்லை. மடக்கி உள்ளே வைத்துக்கொண்டேன்.

ஹெப்சிபா அம்மா குள்ளமாக, கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, முள்வேலிப் படலைத் திறந்துவிடுகிறது. வாங்க அண்ணாச்சி, கண்ணெல்லாம் ஏன் இப்படிச் செவந்து கெடக்கு, தூங்கலியா? கன்றின் வாயைப் பிரித்துப் பார்க்கிறது, வாலைத் தூக்கிப் பார்க்கிறது, தொப்புளைத் தடவுகிறது, ஆசுபத்திரிக் கை. நல்லாத்தான் வளத்திருக்கீங்க. அதான் பிரச்சின. வாளி வந்தது, என் வீட்டில் இருக்கிற மாதிரி பச்சை பிளாஸ்டிக் இல்லை, பழைய இரும்பு வாளி. நான் பக்கத்தில் போனேன். நீங்க நிக்கப்பிடாது, உங்க வாசம் இருக்கிற வரைக்கும் அது வாளியப் பாக்காது. அந்தக் கோழிக் கூரைக்குப் பின்னால போங்க, காத்து உங்க வாசத்த இங்க கொண்டாராத பக்கம். கூப்பிட்டாலும் வரப்பிடாது. அது கூப்பிடும், நீங்க வாயத் தொறக்கப்பிடாது, சரியா? சரிங்க. கயிற்றை அந்தம்மா கையில் கொடுத்தேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன், நடக்கும்போது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வதா முன்னால் வைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை, ஒரு கையே அதிகப்படியாக இருந்தது. கூரைக்குப் பின்னால் கோழிகள், கூண்டில் முட்டையிட்டே தேய்ந்த கோழிகள், இறகு உதிர்ந்த கழுத்தோடு மண்ணில் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, மண் என்றால் இதுதானா என்று சந்தேகப்பட்டு நிற்கின்றன. ஒன்று என் கால் கட்டைவிரலைக் கொத்திப் பார்க்கிறது. அப்போது கூப்பிட்டது. ம்ம்மே. அதே கத்து, பொழுது சாயும்போது கூப்பிடுகிற அதே கத்து, நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்கிற கத்து. நாக்கு தானாக எழும்பிவிட்டது, வாரன் இரு, பல்லைக் கடித்தேன். மறுபடி கூப்பிட்டது. ம்ம்மே. இரண்டாம் தடவைக்கு நான் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. மூன்றாவது. உடைகிற இடத்தில் உடைந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் பெரிதாக இருந்தது, மலை அளவுக்கு, தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது மாதிரி ஒரு ஒன்றுமில்லை. படுத்துவிட்டதா? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறதா? குடி என்றேன் உள்ளுக்குள். குடிச்சிரு சாமி. குடிக்காதே என்று முணுமுணுத்த அந்த இன்னொருவன் வாயைத் திறக்கவில்லை, அல்லது அவனும்தான் சேர்ந்து சொன்னானோ என்னவோ. கோழி கொத்துகிறது. கொத்தட்டும்.

டங்.

வாளி. மறுபடி, டங். முட்டுகிறது. இரும்பு வாளியை முட்டுகிறது, என் உள்ளங்கையில் முட்டுகிற அதே முட்டு, கன்றிய இடத்தில் வலித்தது எனக்கு. முட்டினால் இன்னும் பால் கேட்கிறது என்று அர்த்தம். இன்னும் கேட்டால் வாய் பாலுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். ஏ மெதுவாக் குடி, மூக்குக்குள்ள போயிரும், என்று ஹெப்சிபா அம்மா அதட்டுவது கேட்கிறது. பிறகு உரக்க, அண்ணாச்சி, குடிச்சிட்டான், வாளிய நக்குதான், வந்து பாத்துட்டுப் போங்க. இல்லீங்கம்மா, இருக்கட்டும் என்று கூரைக்குப் பின்னாலிருந்தே சொன்னேன், அதுவும் மெதுவாக, என் குரல் அதற்குக் கேட்டுவிடாமல். வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு வண்டிக்கு வந்தேன். பின்தட்டில் ஏறப் போனேன். நாச்சிமுத்து, அங்க எதுக்குங்ணா ஏறறீங்க, அதான் இறக்கியாச்சே, முன்னாடி வாங்க என்றான். முன்னால் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாகச் சாலை விரிந்து வருகிறது, இத்தனை நேரம் பின்னால் போய்க்கொண்டிருந்த சாலை. நாச்சிமுத்து கியரை மாற்றினான். பிறகு, கையில என்னங்ணா இறுக்கிப் புடிச்சிருக்கீங்க என்றான். பார்த்தேன். இன்னும் மூடியே இருக்கிறது. திறந்தேன். நகம் பதிந்த குறி, காய்ந்துபோன எச்சில், வேறு ஒன்றும் இல்லை. ஒன்னுமில்லப்பா என்றேன். சன்னலுக்கு வெளியே அதை நீட்டிக் காற்றில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ப் படுக்க இன்னும் கொஞ்சம் பகல் மிச்சம் இருக்கும். சன்னலில் கோணி, காதில் பஞ்சு, கதவு. நாச்சிமுத்து, என்றேன். சொல்லுங்ணா. பொழுது எறங்கறப்ப ஒரு போன் போடறியா? எதுக்குங்? சும்மாதான், எந்திரிச்சிட்டனான்னு. தெனமுமா? தெனமும். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. போடறனுங், அதுக்கென்ன, நீங்க எடுக்கலீன்னா?

வந்து கதவத் தட்டு.